திருட்டு நகல் இல்லாத கணினிக்கூடம்

(உதகமண்டலத்தில் கல்லூரி ஆசிரியர், மாணவர் முன்னிலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறம் சார்ந்த ஒரு பொருளை ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் முன் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இத்தகைய உரைகளைத் திருக்குறளிலிருந்தோ காந்தியிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் பள்ளிப் பாடநூலிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாடு அரசின் புதிய பாடத்திட்டத்தில் 2018-ல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலை எடுத்துப் பாருங்கள். கடிதம் தட்டச்சு செய்யவும் அட்டவணை போடவும் அதில் கற்றுத் தருவது ஓப்பன் ஆபிஸ். விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகம் செய்கிறார்கள். காசு கொடுக்காமல், யாரையும் ஏமாற்றாமல், எந்தப் பிள்ளையும் வீட்டில் நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள்கள் அவை. அந்தப் பாடத்தை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறது. அங்கே ஒரு பாடம் முழுக்க அடோபி பேஜ்மேக்கர்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை 1985-ல் ஆல்டஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. 1994-ல் அந்த நிறுவனம் அடோபியோடு இணைந்தது. 2001-ல் வந்த 7.0 தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. 2004-ல் மேம்பாட்டுப் பணியையே நிறுத்திவிட்டார்கள். பணத்தை எடுத்து நீட்டினாலும் இன்று கடையில் கிடைக்காத ஒரு மென்பொருளைக் கூடலூரிலோ பந்தலூரிலோ உள்ள ஓர் அரசுப் பள்ளி எங்கே போய் வாங்கும்? யாரோ எப்போதோ நகலெடுத்த ஒரு குறுந்தகடு, ஒரு பென் டிரைவ், அதனுடன் ஒரு நோட்பேடு கோப்பில் சீரியல் எண். இதுதான் வழி. பதினேழு வயதுப் பிள்ளை மதிப்பெண் வாங்க வேண்டுமானால் திருட்டு நகலைத் தொட்டே ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? மென்பொருள் திருட்டைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் மாணவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். அந்தக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள், எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் நாம்தான் என்பது என் கருத்து. இன்றைய உரை முழுவதும் அதைச் சொல்வதற்கே.

நம் மலையில் எந்த ஊர் டிடிபி கடைக்கும் போய்ப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறார்கள். மணமக்கள் பெயர், குலதெய்வம், மண்டபத்தின் முகவரி எல்லாம் வாட்ஸ்ஆப்பில், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுத் தமிழில் வந்து சேர்கின்றன. கடையில் இருப்பதோ பழைய பேஜ்மேக்கர். அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் கடையில் வேலை செய்யும் பெண் பழைய எழுத்துரு ஒன்றில் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்கிறார். 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று தட்டு. அச்சில் அழகாக வருகிறது. அதையே நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பேஜ்மேக்கரின் இடத்துக்கு அடோபி கொண்டுவந்த இன்டிசைன் மென்பொருளில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைச் சிதையாமல் கோக்கும் வசதி முறையாக வந்தது 2012-ல், சிஎஸ்6 பதிப்பில். அடுத்த ஆண்டே, இனிப் புதிய பதிப்புகள் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டுமே என்று அந்த நிறுவனம் அறிவித்துவிட்டது. தமிழ் அச்சகத்தாருக்குக் கதவு திறந்த மறு ஆண்டே, ஒரே தடவையாகப் பணம் கட்டி வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் வழி அடைபடத் தொடங்கியது. சீசனில் இரண்டு மாதம் வேலை, மழையில் நான்கு மாதம் ஈ ஓட்டும் ஒரு மலைக் கடை மாதந்தவறாமல் சந்தா கட்டுவது எளிதா? அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திருடி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. ஆனால் அவர் செய்வது சரி என்றும் சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தால் சேர்ந்த 63பி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம். ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்று தெளிவானால், சிறையை விடுத்து 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கற்கும் பிள்ளைக்கும் அதை வைத்துச் சம்பாதிக்கும் கடைக்கும் சட்டமே வேறுபாடு காட்டுகிறது. முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகத் தமக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதையும் அது அனுமதிக்கிறது. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018-ல் வெளியிட்ட ஆய்வு, 2017-ல் இந்தியக் கணினிகளில் இருந்த மென்பொருளில் 56 விழுக்காடு உரிமம் இல்லாதது என்றது. விற்பவர்களின் கணக்கு அது என்பதை மறக்க வேண்டாம். பாதியைக் கழித்தாலும் கொஞ்சமில்லை. இத்தனை பேர் செய்யும் ஒன்றைச் சிறையைக் காட்டி மாற்ற முடியாது.

இப்போது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களுக்கு வருகிறேன். முதலாவது, 'அவன் கோடீசுவரன், என் ஒரு நகலால் அவனுக்கு என்ன நட்டம்?' இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தாமும் நண்பர்களும் உழைத்து எழுதிய நிரலைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்பது அவர் முறையீடு. அதே கேட்ஸ் 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர் முன் பேசும்போது வேறு விதமாகப் பேசினார். சீனாவில் மக்கள் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், வசூலிக்கும் வழியைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அப்பேச்சின் சாரம். இந்த இரண்டாவது பேச்சை மாணவர்கள் கவனிக்க வேண்டும். திருட்டு நகலால் நீங்கள் கேட்ஸின் நிறுவனத்தை ஏமாற்றவில்லை. அதற்குச் சம்பளமில்லாமல் ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள். இன்று திருட்டு நகலில் கற்ற கை, நாளை வேலைக்குப் போகும் அலுவலகத்திலும் அதையே கேட்கும். அலுவலகம் பணம் கட்டும்.

அந்தச் சமாதானத்தின் மறுபாதி பொய். நகலெடுக்கப்படுவது அமெரிக்கக் கோடீசுவரர்களின் மென்பொருள் மட்டுமா? கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பெங்களூரில் பிறந்தது. சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-ல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் திருட்டு நகல் ஓடாத ஊர் இந்தியாவில் இருக்காது. தமிழ் எழுத்துருக்களைக் கண்ணயராமல் வரைந்தவர்கள் இருந்தார்கள். தேர்ந்த கைகள் அவை. அவர்களுடைய எழுத்துருக்கள் ஒரே குறுந்தகட்டில் நூற்றுக்கணக்காகக் கைமாறின. எழுத்துரு செய்து ஒருவர் வயிறு வளர்க்க முடியாது என்ற நிலைக்குத் தமிழ்க் கணிமை வந்ததற்கு அந்தக் குறுந்தகடுகளும் ஒரு காரணம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகாது. தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, வரைபடம் எதுவும் இல்லாமல், சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் தைக்கிற வேலை. ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதே வடிவத்தை இயந்திரத்தில் அடித்துத் 'தோடா சால்வை' என்று விற்றால் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும். பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் படுகர் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் விலை போய்ச்சேர வேண்டும் என்று இந்த மண் உரத்த குரலில் கேட்கிறது. நிரல் எழுதுகிறவரும் உழைப்பாளிதான். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து இறங்கிப்போய்க் கோவையிலும் பெங்களூரிலும் நிரல் எழுதும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இரண்டாவது சமாதானம், 'விலைக்கென்றால் நான் வாங்கவே போவதில்லை. எனவே யாருக்கும் இழப்பில்லை' என்பது. நியாயமான வாதம் போலத் தோன்றும். ஆனால் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவி எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திருட்டு நகலில் ஆய்வேட்டுக் கணக்குகளைப் போடும்போது, அதற்கு இலவச மாற்றுகளான ஆர் மொழியையும் ஜமோவியையும் பிஎஸ்பிபியையும் எழுதித் தந்தவர்கள் ஒரு பயனரை இழக்கிறார்கள். அவற்றின் பிழையைச் சுட்டும் ஒரு கண், அவற்றைத் தமிழில் விளக்கி எழுதும் ஒரு கை இல்லாமல் போகிறது. திருட்டு நகல் பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய மாற்றுகளைத்தான் அதிகம் கொல்கிறது. திருட்டு ஃபோட்டோஷாப் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், அதற்கு மாற்றான கிம்ப் ஏன் வளர வேண்டும்? அதன் குறைகள் ஏன் தீர வேண்டும்?

ஆபத்தும் இருக்கிறது. உரிமப் பூட்டை உடைக்கும் கிராக்கைப் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவை என்று அந்தக் கோப்போடு வரும் குறிப்பே சொல்லும். வீட்டுக் காவலாளியை நீக்கிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்கிறவனை வரவிடுகிறோம். கல்லூரி அலுவலகக் கணினியில் மாணவர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன என்பதை முதல்வர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மாற்று வழியை முயலாமல் இல்லை. 2007 வாக்கில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்த அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசி லினக்ஸுக்கு மாற்றினார். அதே 2007-ல் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும் இருந்தன. பிறகு நடந்ததை இந்த அவையில் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. தனக்குப் பிடித்த நடிகரின் படத்தை வைக்க முடியவில்லை என்று பையன்கள் மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனார்கள். கடையில் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து, திருட்டு விண்டோஸ் அல்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே பாஸ் லினக்ஸும் அழிந்துபோனது. கருவியைக் கொடுத்த அரசு, அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரைக் கொடுக்கவில்லை. பாடநூலில் அந்த லினக்ஸுக்கு இடம் இல்லை, தேர்வில் ஒரு கேள்வி இல்லை. பிள்ளை ஏன் அதைத் திறந்து பார்க்கப் போகிறது?

கூடலூரிலிருந்து நாடுகாணி தாண்டி இறங்கினால் வழிக்கடவு, கேரளம். அங்கே 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. பிறகு பள்ளிகளை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருளுக்கு, மாற்றினார்கள். 2017 முதல் அது கைட் என்ற பெயரில் அரசு நிறுவனமாக இயங்குகிறது. அவர்கள் செய்த அடிப்படையான வேலை ஒன்றுதான். பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். அதற்கு முன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வு மாறியதும் எல்லாம் மாறியது. மலையின் அந்தப் பக்கச் சரிவில் இது நடக்கிறது. இந்தப் பக்கச் சரிவில் நடக்காததற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது.

மாற்றுகளைப் பற்றிப் பேசும்போது உண்மையை மறைக்கக் கூடாது. லிப்ரே ஆபிஸ் கடிதத்துக்கும் அட்டவணைக்கும் தாராளமாகப் போதும். ஆனால் வேர்டில் செய்த சிக்கலான படிவத்தைத் திறந்தால் வரிகள் இடம் மாறும். கிம்ப் படங்களைத் திருத்தும். ஆனால் அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பை முழுமையாகத் தராது. அதற்குக் கிரிட்டாவும் பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸும் வேண்டும். ஸ்கிரைபஸ் நெடுங்காலம் தமிழைச் சிதைத்துக் காட்டியது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் புதிய எழுத்துக்கோப்பு முறை சேர்ந்து, யூனிகோடு தமிழ் சிதையாமல் நிற்கிறது. மூன்று தட்டில் 'கொ' அடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கடைப் பெண்ணிடம் இந்தச் செய்தியை யாராவது கொண்டு சேர்த்தோமா? எழுத்துருவும் இருக்கிறது. கேரளத்தின் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்புக்காகக் கே.எச். ஹுசைன் வரைந்த மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை யாரும் உரிமத்தோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். தட்டச்சுக்கு முகுந்தராஜும் தமிழா குழுவினரும் தந்த இ-கலப்பை இருக்கிறது.

கட்டடக்கலை, கட்டுமானப் பிரிவு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோகேடின் முழுப் பதிப்பை அதன் நிறுவனமே மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகத் தருகிறது. கல்லூரியில் படிப்பதற்கான சான்றைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்து வெளிவேலை செய்து சம்பாதிக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. இது தெரியாமலே கிராக் தேடுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். வணிகவியல் மாணவர்களே, டேலியையும் கல்விப் பதிப்பாக இலவசமாகப் பெறலாம். மாதத்தின் முதல் இரண்டு தேதிகளிலும் கடைசித் தேதியிலும் மட்டும் பதிவு போட அது விடும். கற்பதற்கு அந்த மூன்று நாள் போதும். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் லிப்ரே ஆபிஸ், சைலேப், பைத்தான் போன்றவற்றைத் தமிழ்க் குரலிலேயே பத்து நிமிடப் பாடங்களாகத் தருகிறது. தமிழில் எளிய கணிமைக் கட்டுரைகளுக்குக் கணியம் அறக்கட்டளை இருக்கிறது.

இந்த மலைக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு மழையில் மரம் சாயும், மின்சாரம் போகும், இணையம் நாள்கணக்கில் வராது. அவ்வப்போது இணையத்தில் வந்து உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் சந்தா மென்பொருளை நம்பியிருக்கும் எமரால்டு ஊர் மாணவன், தேர்வு வாரத்தில் என்ன செய்வான்? ஒருமுறை நிறுவினால் யாரையும் கேட்காமல் இயங்கும் மென்பொருள் நமக்கு அவசியம். இன்னொன்று, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இலவசமாகக் கிடைப்பதற்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் முதலில் ஒரு நிறுவனத்தின் சொத்து. 2002-ல் அதை விடுவிக்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. பயனர்கள் ஏழே வாரத்தில் திரட்டிக் கொடுத்தார்கள். இன்று அதை உலகம் முழுவதும் அசைவூட்டக் கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள் உழைப்பைக் கொடுக்கலாம். பிழையைச் சொல்லலாம், உதவிக் குறிப்பைத் தமிழில் எழுதலாம். படுகர் மொழியும் இருளர் மொழியும் பேசும் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் தாய்மொழியில் ஒரு மென்பொருளின் பட்டிகளை மாற்றி எழுத வேண்டுமானால், பெரிய நிறுவனம் சந்தையைக் கணக்குப் பார்த்து மறுத்துவிடும். கட்டற்ற மென்பொருளில் அந்த அனுமதி உரிமத்திலேயே இருக்கிறது; யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டாம்.

முதல்வர் அவர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரும் பருவத்தில் ஒரு கணினிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உரிமம் இல்லாத எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உரிமம் வாங்கியே ஆக வேண்டியதற்குப் பட்டியல் போட்டு வாங்குங்கள்; மற்றவற்றுக்குக் கட்டற்ற மென்பொருளை நிறுவுங்கள். செய்முறைத் தேர்வில் மாணவர் எந்த மென்பொருளில் செய்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸின் ஓடிடி கோப்பில் வரும் ஒப்படைப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். பாடத்திட்டக் குழுவில் இடம்பெறும்போது மென்பொருளின் வணிகப் பெயரை எழுதாமல், கற்க வேண்டிய திறனை எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருக்கும் பேஜ்மேக்கர் பாடத்தை மாற்றக் கோரி, இந்தக் கல்லூரியின் கணினித் துறை அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். அதில் கையெழுத்திட நானும் வருகிறேன்.